உணவுத் தொழில் கழிவுகளும் சுழற்சிப் பொருளாதாரமும்: மத்திய அரசின் விதிகள் எதுவரை எட்டியுள்ளன?

ஒரு டன் கரும்பு சர்க்கரை ஆலைக்குள் சென்றால், சர்க்கரையாக வெளியே வருவது ஏறக்குறைய 100 கிலோ மட்டுமே. அதனுடன் 280 முதல் 300 கிலோ வரை சக்கையும், 40 கிலோவுக்குச் சற்று மேலாகக் கழிவுப்பாகும், 30 முதல் 40 கிலோ வரை பிரஸ்மட் எனப்படும் வடிகட்டிய சேறும் கிடைக்கின்றன. இவற்றில் எதுவும் இன்று வீணாவதில்லை. சக்கை கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது. கழிவுப்பாகு எத்தனாலாகிப் பெட்ரோலில் கலக்கிறது. பிரஸ்மட் உரமாகவோ உயிரி எரிவாயுவாகவோ மாறுகிறது. எத்தனால் வடித்தபின் எஞ்சும் கரிய கழிவுநீரைக் கெட்டியாக்கி எரித்தால் கிடைக்கும் சாம்பலில் இருந்து பொட்டாஷ் உரமும் எடுக்கப்படுகிறது. அந்தப் பொட்டாஷை 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு உர மானியத் திட்டத்திலும் சேர்த்தது.

மாம்பழக் கூழ் ஆலையின் நிலை வேறு. பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோலும் கொட்டையுமாகக் கழிகிறது. கொட்டைப் பருப்பில் இருந்து சாக்லேட் தொழிலுக்குப் பயன்படும் கொழுப்பையும், தோலில் இருந்து ஜாம் தயாரிப்புக்குத் தேவையான பெக்டினையும் எடுக்கலாம் என்பது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ஆயினும் ஆந்திரத்தின் சித்தூரிலும், அதை அடுத்துள்ள கிருஷ்ணகிரியிலும் மாம்பழப் பருவத்தின் சில வாரங்களில் மொத்தமாகக் குவியும் இக்கழிவில் பெரும்பகுதி மதிப்புக் கூட்டப்படாமலே அகற்றப்படுகிறது.

இந்த இரண்டு ஆலைகளையும் பிரிப்பது தொழில்நுட்பம் மட்டுமன்று. கழிவுப்பாகில் இருந்து வரும் எத்தனாலுக்கு அரசு விலை நிர்ணயிக்கிறது; எண்ணெய் நிறுவனங்கள் வாங்குகின்றன. மாங்கொட்டைக்கு அப்படி ஒரு விலையும் இல்லை, வாங்குவதற்குக் கடமைப்பட்டவரும் இல்லை. உணவுத் தொழிலில் சுழற்சிப் பொருளாதாரத்தை ஏற்படுத்த மத்திய அரசு கடந்த சில ஆண்டுகளில் கொண்டுவந்த விதிகளையும் திட்டங்களையும் இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், அவை எங்கே பலன் தந்தன, எங்கே தாளோடு நின்றன என்பது விளங்கும்.

எடுத்துப் பயன்படுத்தி எறிவது என்னும் நேர்கோட்டு முறைக்கு மாற்றாக, ஒரு தொழிலின் கழிவை இன்னொரு தொழிலின் மூலப்பொருளாக்குவதே சுழற்சிப் பொருளாதாரம். நிதி ஆயோக்கின் முன்னெடுப்பில் 2021-ஆம் ஆண்டு இதற்கெனப் 11 குழுக்கள் அமைக்கப்பட்டன. நகராட்சித் திட, திரவக் கழிவுகள், உலோகக் கழிவு, மின்னணுக் கழிவு, லித்தியம் பேட்டரி, சூரிய மின்தகடு, ஜிப்சம், நச்சு ஆலைக் கழிவு, பயன்படுத்திய எண்ணெய், வேளாண் கழிவு, டயர், ஆயுள் முடிந்த வாகனங்கள் ஆகியவை அவற்றின் களங்கள். உணவுத் தொழில் தனித் தலைப்பாக இப்பட்டியலில் இல்லை. அதன் கழிவுகள் நகராட்சிக் கழிவுக்கும் வேளாண் கழிவுக்கும் இடையே எங்கோ விழுகின்றன. இந்த இடைவெளி பின்வந்த விதிகளிலும் தொடர்கிறது.

எந்தக் கழிவு எந்தச் சட்டத்தின் கீழ்

ஓர் உணவு ஆலையின் உணவகத்தில் மிஞ்சிய சோறும், அதே ஆலையின் இயந்திரத்தில் இருந்து வரும் தக்காளித் தோலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. முன்னது திடக்கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் வருகிறது. பின்னது ஆலைக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் ஆலைக் கழிவுக்குப் பொருந்தா என்று வெளிப்படையாகவே விலக்கி வைத்தன. எனவே உற்பத்தியில் எழும் கழிவையும் கழிவுநீரையும் கட்டுப்படுத்துவது பெரிதும் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், அதன்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் வழங்கும் இசைவாணையின் நிபந்தனைகளுமே.

தயாராகி விற்பனைக்குச் செல்லும் பொருள் காலாவதியானால் பொறுப்பு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்திடம் செல்கிறது. அதன் உறை பிளாஸ்டிக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. கழிவில் இருந்து எரிவாயு எடுத்தால் பெட்ரோலிய அமைச்சகம். எஞ்சும் சேற்றை உரமாக விற்றால் உரத்துறை. ஒரே ஆலையின் கழிவு குறைந்தது ஐந்து அலுவலகங்களின் கோப்புகளில் இடம்பெறுகிறது.

2016-ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாகப் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2026 ஜனவரியில் அறிவிக்கை செய்தது. அவை நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்கள், 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்புள்ள கட்டடங்கள், நாளுக்கு 40,000 லிட்டர் அல்லது அதற்கு மேல் நீர் பயன்படுத்தும் இடங்கள் ஆகியவை மொத்தக் கழிவு உண்டாக்குவோர் எனக் கருதப்படும். நாட்டின் திடக்கழிவில் ஏறத்தாழ 30 சதவீதம் இவர்களிடம் இருந்தே வருவதாக அமைச்சகம் கூறுகிறது. பெரிய விடுதிகள், திருமண மண்டபங்கள், மத்தியச் சமையற்கூடங்கள் ஆகியவற்றை இந்த விதி நேரடியாகத் தொடுகிறது. ஈரக் கழிவைத் தங்கள் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும். இயலாதவர்கள் வேறிடத்தில் அது பதப்படுத்தப்பட்டதற்கான சான்றிதழைப் பெற வேண்டும்.

விடுதிகளும் உணவகங்களும் ஓராண்டுக்குள் கழிவைத் தரம் பிரித்து, மக்கும் பகுதியைக் கூடியவரை வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் விதிகளும் சொல்லத்தான் செய்தன. இம்முறை புதிதாக வந்திருப்பது சான்றிதழும், மத்திய இணையதளத்தில் பதிவும், தரம் பிரிக்காமல் குப்பைக் கிடங்குக்கு அனுப்பப்படும் கழிவுக்குக் கூடுதல் கட்டணமும் ஆகும்.

எரிவாயுவுக்குக் கிடைத்த உறுதியான சந்தை

உணவுக் கழிவில் நீர் மிகுதி. பெரும்பாலான பழ, காய்க் கழிவுகளின் எடையில் முக்கால் பங்கு நீரே. அதை உலர்த்துவதற்கு எரிபொருள் செலவாகும். உலர்த்தாமல் வெகுதொலைவு கொண்டு செல்வது தண்ணீரை லாரியில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். இரண்டொரு நாள் கிடந்தால் அழுகிவிடும். இக்காரணங்களால்தான் காற்றில்லாக் கலனில் நுண்ணுயிரிகளைக் கொண்டு செரிக்கவைத்து மீத்தேன் எடுக்கும் முறை இக்கழிவுக்குப் பொருந்துகிறது. அதே கழிவு திறந்த கிடங்கில் குவிந்தாலும் மீத்தேன் வெளியாகும். ஆனால் அது காற்றில் கலந்துவிடும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு அளவுக்குப் புவியை வெப்பமாக்கும் வாயு அது.

மத்திய அரசு 2018 அக்டோபர் 1 அன்று தொடங்கிய ‘சதத்’ திட்டம், அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுவை எண்ணெய் நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கும் என உறுதியளித்தது. 5,000 ஆலைகள், ஆண்டுக்கு 1.5 கோடி டன் எரிவாயு, அதுவும் 2023-க்குள் என்பது அன்றைய இலக்கு. இலக்கு ஆண்டு கடந்தும் அதில் மிகச் சிறிய பகுதியே இயங்கத் தொடங்கியிருந்தது. 2023-24 நிதிநிலை அறிக்கை ‘கோபர்தன்’ திட்டத்தின் கீழ் ரூ.10,000 கோடி முதலீட்டில் 500 புதிய ஆலைகளை அறிவித்தது. இவற்றில் 200 அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆலைகள். அவற்றுள் 75 நகர்ப்புறங்களுக்கானவை. எஞ்சிய 300 சமுதாய அல்லது தொகுப்பு நிலை ஆலைகள்.

திட்டத்தின் போக்கை மாற்றியது வேறொரு முடிவு. வாகனங்களுக்கும் வீடுகளுக்கும் குழாய் வழி எரிவாயு விற்கும் நிறுவனங்கள் குறிப்பிட்ட பங்கு உயிரி எரிவாயுவைக் கட்டாயம் கலக்க வேண்டும் என 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2025-26-இல் 1 சதவீதம், 2026-27-இல் 3 சதவீதம், 2027-28-இல் 4 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம் என அது படிப்படியாக உயரும். ஆலை தொடங்குவோருக்கு வங்கியில் காட்டத் தக்க ஒரு சந்தை இதனால் கிடைத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2025-இல் சுற்றுச்சூழல் சேவை செய்யும் ஆலைகளுக்கென ‘நீல வகை’ ஒன்றை உருவாக்கி, இத்தகைய ஆலைகளின் இசைவாணைக்கு இரண்டு ஆண்டு கூடுதல் காலமும் அளித்தது.

செரித்தபின் எஞ்சும் சேறு இன்னும் தீராத சிக்கல். எரிவாயு ஆலையில் உள்ளே போகும் கழிவின் எடையில் பெரும்பகுதி மறுபுறம் சேறாக வெளியே வந்துவிடுகிறது. அதை உரமாக விற்றால்தான் கணக்கு நேராகும். டன்னுக்கு ரூ.1,500 சந்தை ஊக்கத்தொகை வழங்க 2023-இல் ரூ.1,451 கோடி ஒதுக்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஆயினும் மானிய விலையில் யூரியா மூட்டை கிடைக்கும் விவசாயிக்கு, ஈரமும் கனமும் கொண்ட, சத்து அடர்த்தி குறைந்த இந்த உரத்தை ஏற்றி இறக்கும் கூலி ஒரு பாரமே.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் 2022 பிப்ரவரி 19 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைப் பதப்படுத்தும் திறன் கொண்டது. அதிலிருந்து நாளுக்கு 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் இயற்கை உரமும் கிடைக்கும் எனத் திட்டமிடப்பட்டது. எரிவாயுவில் குறைந்தது பாதியை மாநகராட்சியே வாங்கி நகரப் பேருந்துகளை இயக்குவது என்பது ஏற்பாடு. இந்தூரின் இயந்திரங்களைப் பிற நகரங்களும் வாங்க முடியும். வீட்டு வாசலிலேயே ஈரக் கழிவைத் தனியே வாங்கும் பழக்கத்தை அந்நகரம் ஆலைக்கு முன்னரே உருவாக்கியிருந்ததுதான் பிறருக்கு எளிதில் வாய்க்காதது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த கழிவு செரிகலனுக்குள் சென்றால் கலக்கி நின்றுபோகும். உரத்திலும் கண்ணாடித் துகள் வரும்.

சிறிய அளவில் ஐதராபாத்தின் போயன்பள்ளி காய்கறிச் சந்தை மற்றோர் எடுத்துக்காட்டு. இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்த அங்குள்ள ஆலை, நாளுக்கு ஏறத்தாழ 10 டன் காய்க் கழிவில் இருந்து 500 யூனிட் வரை மின்சாரமும் 30 கிலோ அளவில் எரிவாயுவும் தருகிறது. சந்தையின் விளக்குகள் எரிவதும் அங்குள்ள சமையற்கூடம் இயங்குவதும் இதனால்தான். கழிவு எழும் இடத்திலேயே ஆலையும் பயனாளியும் இருப்பதால் லாரிச் செலவே இல்லை.

எத்தனால்: கழிவில் தொடங்கி விளைபொருளுக்கு

2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, மனிதர் உண்ணத் தகாத சேதமடைந்த தானியங்களையும் குருணையையும் எத்தனாலுக்குப் பயன்படுத்த அனுமதித்தது. கிடங்கில் கெட்டுப்போகும் தானியத்துக்கு இது ஒரு வழி என்பதே அப்போதைய வாதம். 2022-இல் கொள்கை திருத்தப்பட்டு, 20 சதவீதக் கலப்பு இலக்கு 2030-இல் இருந்து 2025-26-க்கு முன்னிறுத்தப்பட்டது. 2025-இல் அந்த இலக்கு எட்டப்பட்டதாக அரசு அறிவித்தது.

இலக்கு வளர்ந்த வேகத்துக்குக் கழிவு ஈடுகொடுக்கவில்லை. 2023-24 வழங்கல் ஆண்டில் மக்காச்சோளமே எத்தனாலின் முதன்மை மூலப்பொருளாயிற்று. அது கழிவன்று, கோழிக்கும் கால்நடைக்கும் தீவனம். விலை உயர்வு குறித்துக் கோழிப்பண்ணைத் தொழில் அரசிடம் முறையிட்டது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு விற்பது 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் விலை குவிண்டாலுக்கு ரூ.2,250 என நிர்ணயிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றில் இருந்து எத்தனால் எடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்து, மறு ஆண்டு நீங்கியது. உணவும் எரிபொருளும் ஒரே களத்தில் மோதும்போது கொள்கை ஆண்டுக்கொரு முறை திசை மாறுவதை இவை காட்டுகின்றன.

தானியத்தில் இருந்து எத்தனால் வடித்தபின் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் மிகுந்த சக்கை எஞ்சுகிறது. அது உலர்த்தப்பட்டுத் தீவனச் சந்தைக்குத் திரும்புகிறது. சுழற்சி என்ற சொல்லுக்கு இது நல்ல உதாரணந்தான். ஆனால் மலிவான இந்தச் சக்கை பெருகியதால் சோயாப் பிண்ணாக்கின் விலை சரிந்ததாக எண்ணெய் ஆலைகள் குறைகூறின. தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் அது சக்கையில் செறிந்து தங்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

கழிவுக்கு விலை வந்தால் அதற்கும் கட்டுப்பாடு வரும் என்பதற்குத் தவிடு சான்று. நெல்லில் இருந்து அரிசி, தவிட்டில் இருந்து எண்ணெய், எண்ணெய் எடுத்த தவிட்டில் இருந்து தீவனம் என அரிசி ஆலைத் தொழில் ‘சுழற்சி’ என்ற சொல் கொள்கை ஆவணங்களில் ஏறுவதற்கு வெகுமுன்பே இயங்கி வருகிறது. பால் விலை உயர்வின் பின்னணியில், எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதிக்கு 2023 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. தடை 2025 அக்டோபரில் விலக்கப்பட்டது.

பொரித்த எண்ணெய் எங்கே போகிறது

பொதுமக்களின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது பயன்படுத்திய சமையல் எண்ணெய். திரும்பத் திரும்பச் சூடாக்கப்படும் எண்ணெயில் தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. மொத்த முனைவுச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள், வாங்கிய எண்ணெயையும் கழித்த எண்ணெயையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது 2019 மார்ச்சு 1 முதல் கட்டாயம்.

கழித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் தயாரிக்கும் ‘ரூகோ’ திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டு 10 அன்று தொடங்கியது. ஆண்டுக்கு 220 கோடி லிட்டர் வரை இவ்வாறு மீட்க இயலும் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. ஓராண்டு கழித்து எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் இத்தகைய பயோடீசலை வாங்க முன்வந்தன. முதல் ஆண்டு லிட்டருக்கு ரூ.51, இரண்டாம் ஆண்டு ரூ.52.70, மூன்றாம் ஆண்டு ரூ.54.50 என விலையும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

திட்டம் தடுமாறிய இடம் விலைதான். 2021-22-இல் உலகெங்கும் சமையல் எண்ணெய் விலை கடுமையாக உயர்ந்தது. பெரிய உணவகம் கழித்த எண்ணெய்க்குப் பயோடீசல் ஆலை தருவதைவிடக் கூடுதலாகத் தரச் சிறு தின்பண்டத் தயாரிப்பாளரும் சாலையோரப் பொரிப்புக் கடையும் அணியமாக இருந்தால், அது மீண்டும் வாணலிக்கே செல்லும். புதிய எண்ணெயின் விலையைக் கட்டுபடி செய்ய முடியாத கடைக்காரருக்கு அது மலிவு. அதைத் தின்பவருக்குத் தெரிய வழியில்லை. 50 லிட்டருக்குக் கீழ் பயன்படுத்தும் கடைகள் பதிவேட்டு விதிக்கு உள்ளேயே வருவதில்லை. டீசலில் பயோடீசல் கலப்பு 2030-க்குள் 5 சதவீதம் என்பது இலக்காக இருந்தும், நடப்பில் அது 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இப்போது புதிய வாங்குபவராக விமானத் துறை வருகிறது. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் நீடித்த வகை எரிபொருளைக் கலப்பது என மத்திய அரசு இலக்கு வகுத்துள்ளது. பயன்படுத்திய சமையல் எண்ணெயில் இருந்து இதைத் தயாரிக்க இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை 2025-இல் பன்னாட்டுச் சான்றிதழ் பெற்றது. ஆண்டுக்கு 35,000 டன் தயாரிப்பது திட்டம். விமான நிறுவனம் தரும் விலை சாலையோர வாணலியின் விலையை மிஞ்சினால், விதியால் இயலாதது சந்தையால் நடக்கக்கூடும்.

காலாவதிப் பொட்டலமும் மிகை உணவும்

கழிவைப் பதப்படுத்துவதை விட அது உண்டாகாமல் தடுப்பதும், உண்ணத் தக்கதை மனிதருக்கே கொடுப்பதும் மேலானவை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரிசை. இந்தியக் கொள்கையின் பணமும் கட்டாயமும் அந்த வரிசையின் கீழ்ப்படிகளிலேயே குவிந்திருக்கின்றன.

அறுவடைக்குப் பிந்தைய இழப்பின் மதிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1.53 லட்சம் கோடி என, உணவுப் பதப்படுத்தல் அமைச்சகத்துக்காக நாப்கான்ஸ் நிறுவனம் 2022-இல் அளித்த ஆய்வு கணக்கிட்டது. கொய்யாவில் 15 சதவீதமும் தக்காளியில் 11 சதவீதத்துக்கு மேலும் நுகர்வோரை எட்டாமலே போகின்றன. வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. நாடு முழுவதற்கும் இது 7.8 கோடி டன்.

மிகை உணவை மீட்டுப் பகிர்வதற்கான உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒழுங்குமுறை 2019-இல் வகுக்கப்பட்டு 2020 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. பகிரும் அமைப்புகள் பதிவு செய்வது, உணவின் பெயரும் தேதியும் குறிக்கும் சீட்டு, பதிவேடு ஆகியவை அதில் உள்ளன. கொடுக்க விரும்புவோர் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் அறக்கொடை அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்வதைப் பிரான்சு 2016-இல் கட்டாயமாக்கியது. அத்தகைய ஏற்பாடு இங்கே இல்லை.

வரிச் சட்டமும் கொடைக்குச் சாதகமாக இல்லை. அழிக்கப்பட்ட பொருளுக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்ட பொருளுக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. காலாவதிக்கு ஒரு மாதம் மீதமுள்ள பிஸ்கட்டைப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுத்தாலும், குழியில் போட்டு மூடினாலும் நிறுவனத்தின் கணக்கில் ஒன்றே. கொடுப்பதற்கு வண்டிச் செலவும் பொறுப்பும் கூடுதல் என்பதால் குழியே எளிது.

நுகர்வோரைக் காக்கும் விதியும் சில வேளைகளில் கழிவைப் பெருக்குகிறது. இணைய வழியில் விற்கும் உணவுப் பொருள் வீட்டுக்கு வந்து சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாள்களோ மீதமிருக்க வேண்டும் என ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. வாங்குபவருக்கு இது நன்மை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய, இன்னும் உண்ணத் தக்க பொருள் அந்த விற்பனை வழியை இழந்து கிடங்கில் தங்குகிறது. அதற்கு மறுவழி எதுவும் அந்த அறிவுறுத்தலோடு வரவில்லை.

காலாவதிப் பொருள் தேதி மாற்றி மீண்டும் கடைக்கு வருவதைத் தடுக்க, ஆணையம் 2024 டிசம்பரில் மற்றோர் உத்தரவு பிறப்பித்தது. தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் சோதனையில் தோற்ற பொருள், காலாவதியாகித் திரும்பிவந்த பொருள், அவற்றை அழித்தார்களா விற்றார்களா, விற்றால் யாருக்கு என்ற விவரங்களை இணையவழி தெரிவிக்க வேண்டும். தீவனத்துக்கென்று வாங்கப்பட்ட பொட்டலம் மனிதர் தட்டுக்கு வந்துவிடாமல் பார்ப்பதே இதன் நோக்கம். எவ்வளவு உணவு, எந்த இடத்தில், என்ன காரணத்தால் வீணாகிறது என்பதற்கு ஆலை வாரியான முதல் தரவும் இதன்வழி அரசின் கைக்கு வருகிறது.

உறைகளின் நிலையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2022 பிப்ரவரி வழிகாட்டுதல்படி, கெட்டி பிளாஸ்டிக் உறைகளில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 2025-26-இல் 30 சதவீதமாகவும் 2028-29-இல் 60 சதவீதமாகவும் இருக்க வேண்டும். உணவைத் தொடும் உறைக்குத் தகுந்த தூய்மையில் மறுசுழற்சி செய்யும் ஆலைகள் போதவில்லை என்று குளிர்பான, குடிநீர் நிறுவனங்கள் தளர்வு கோரின. சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைக்கு 5 சதவீதமே தொடக்க இலக்கு. அடுக்குகளைப் பிரிப்பது கடினம் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

பதிவில் இல்லாத 25 லட்சம்

மேற்கண்ட விதிகள் யாவும் உரிமமும் இசைவாணையும் பெற்ற ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாட்டின் உணவுப் பதப்படுத்தும் தொழிலில் ஏறத்தாழ 25 லட்சம் அலகுகள் அமைப்புசாராதவை. மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களில் உள்ளன. பத்தில் எட்டு குடும்பமே நடத்துவது. அப்பளம், ஊறுகாய், அவல், மாவு, முறுக்கு என இவற்றின் கழிவு தனித்தனியே பார்த்தால் சொற்பம். ஒரு தெருவே அதே தொழிலைச் செய்யும் ஊர்களில் அந்தச் சொற்பங்கள் சேர்ந்து சாக்கடையை அடைக்கின்றன.

இவர்களுக்காக 2020-இல் ரூ.10,000 கோடியில் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம், இயந்திரம் வாங்க 35 சதவீத மானியம், உச்சமாக ரூ.10 லட்சம் தருகிறது. குழுக்களுக்குப் பொது வசதி அமைக்கவும் அதில் இடமுண்டு. பொதுக் கழிவுநீர் நிலையமோ ஐந்து டன் எரிவாயு கலனோ ஒரு தொகுப்புக்கு அமைந்தால் அது போயன்பள்ளிச் சந்தையைப் போல இயங்க முடியும். ஆனால் கடன் வாங்கும் குறுதொழில் முனைவோர் முதலில் கேட்பது வறுக்கும் இயந்திரமும் பொட்டலமிடும் இயந்திரமும்தான். கழிவுக்கான கருவி வருமானம் தராது. வாங்குபவர் உறுதியானால் தவிர.

இசைவாணை பெற்ற ஆலைகள் எவ்வளவு கழிவு உண்டாக்கின, அதில் எவ்வளவு மறுபயன்பாட்டுக்குச் சென்றது, எவ்வளவு விற்கப்பட்டது, எவ்வளவு அகற்றப்பட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் படிவம் 5-இல் தெரிவிக்க வேண்டும் என்பது 1990-களில் இருந்தே உள்ள கடமை. அந்தப் படிவங்கள் மாநில வாரியங்களின் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் காலாண்டுத் தரவு ஓர் இணையதளத்திலும், மொத்தக் கழிவு உண்டாக்குவோரின் பதிவு இன்னோர் இணையதளத்திலும், எரிவாயு ஆலைகளின் பதிவு கோபர்தன் தளத்திலும் சேர்கின்றன. சித்தூரில் ஜூன் மாதம் குவியும் மாங்கொட்டையை யார் வாங்கக்கூடும் என்று தேடும் ஆலை மேலாளர், இவற்றில் எதைத் திறந்தாலும் விடை கிடைப்பதில்லை.